ஓடை மேல ஒரு பூங்கா

"மரத்தை வெட்டித்தான் வெயிலைக் குறைக்கப் போறீங்களா?" இந்த வரியை நீங்க பேப்பர்ல பாத்திருப்பீங்க தம்பி. போன வருஷம் ஆடி மாசம், மூணாம் பக்கம், பெரிய எழுத்துல. அது நான் சொன்னது. பேரைத்தான் தப்பாப் போட்டுட்டான், சௌந்தரராஜன்னு. என் பேரு சௌந்தரபாண்டியன். பொன்மலர் நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாச் செயலாளர். அதுக்கு முன்னாடி முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார். இப்பவும் பி.டி. சார்னாத்தான் ஆளுகளுக்குத் தெரியும்.

பஸ் டவுன் போய்ச் சேர நேரம் ஆகும், நீங்க சாஞ்சு உக்காருங்க. எனக்குத்தான் இன்னைக்கு உக்கார முடியல. காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. டீ கூடுதலாக் குடிச்சிட்டேன்னு நினைக்கிறேன்.

எங்க நகர்ல ஒரு பூங்கா இருக்கு. சின்னப் பூங்காதான். ஆனா நான் உண்டாக்குனது. முன்னாடி அந்த இடத்துல ஒரு ஓடை போச்சு. ஆவரங்கண்மாய் நிறைஞ்சா தண்ணி அந்த ஓடை வழியா ஆத்துக்குப் போகும். நாங்க குடிவந்த காலத்துல அது ஓடை இல்ல, சாக்கடை. பன்னி புரளும், கொசு மொய்க்கும். அப்புறம் நாங்க எல்லாருமாப் போய்க் கேட்டு, அதுல குழாயைப் பதிச்சு, மேல மண்ணைக் கொட்டி மூடினாங்க. அந்த மண்ணு மேல நான் மரம் வச்சேன். வேம்பு, புங்கை, ரெண்டு மகிழம். மொத்தம் முப்பத்தொண்ணு. முன்னூறு மீட்டர் நடைபாதை, எட்டுப் போட்டு நடக்க ஒரு தளம், இரும்பு பெஞ்சு ஒன்பது. என் சம்சாரம் தனலெட்சுமிக்கு ஏழு வருஷம் முன்னாடி வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கிச்சு. இனிமே கட்டிலோடதான்னு டாக்டர் சொன்னார். நான் விடல. தினமும் விடியக்காலைல அந்தப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு மரத்துல இருந்து அடுத்த மரம், அதுல இருந்து அடுத்த மரம்னு நடக்க வச்சேன். பதினோரு மாசம். பதினோரு மாசத்துல முன்னூறு மீட்டரும் நடந்தா. அந்தப் பூங்காவைத் தோண்டப் போறேன்னு ஒருத்தர் வந்து சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?

வந்தது ஒரு பொண்ணு. ஷர்மிளா பானுன்னு நகராட்சி உதவிப் பொறியாளர், இருபத்தெட்டு வயசு இருக்கும். எங்க சங்கக் கட்டடத்துல திரையைக் கட்டிப் படம் போட்டுக் காட்டுச்சு. காலநிலை மாறிப் போச்சு, முன்ன ஒரு மாசம் பெஞ்ச மழை இப்ப ஒரே நாள்ல பெய்யுது, ரெண்டடிக் குழாய் அதைத் தாங்காது, ஓடையைப் பழையபடி திறந்து விடணும், ரெண்டு பக்கமும் நடைபாதை போட்டுத் தர்றோம்னு. தங்கமான பொண்ணுதான், நான் குறை சொல்ல மாட்டேன். மரம் என்னாகும்னு கேட்டேன். முப்பத்தொண்ணையும் எடுக்கணும் சார், வேற இடத்துல வைப்போம்னுச்சு. அப்பத்தான் எந்திரிச்சு அந்த வரியைச் சொன்னேன். கை தட்டல் நிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு தட்டல் முடியுற வரைக்கும் நின்னு, "சார், நான் உங்க தெருவுக்காகப் பேசல, ஓடைக்கரைத் தெருவுக்காகப் பேசுறேன்"னுச்சு. அப்ப அதை யாரும் காதுல வாங்கல.

ஓடைக்கரைத் தெருங்கிறது எங்களுக்கும் கண்மாய்க்கும் நடுவுல இருக்கு. பள்ளம். நாப்பது வீடு. கண்மாய்த் தண்ணி அவங்க தெரு ஓரமா வந்து, எங்க பூங்காவுக்கு அடியில குழாய்க்குள்ள போய், ஆத்துல விழணும். குழாய் வாங்குனா அவங்க பொழைச்சாங்க. வாங்கலைன்னா தண்ணி திரும்பி அவங்க வீட்டுக்குள்ளதான் போகும். எங்க நகர் மேடு. நாங்க வீடு கட்டும்போதே நாலடி மண்ணடிச்சுத்தான் கட்டுனோம். அது எங்க தப்பா?

கோர்ட்டுக்குப் போனோம். தடை உத்தரவு வாங்குனோம். எங்க வக்கீல் நல்லா வாதாடினாரு. முதியோர் நலம், சுத்தமான காத்து, நிழல், எல்லாம் சேத்து. வாங்குன அன்னைக்குப் பூங்காவுல எல்லாருக்கும் கேசரி.

அதுக்கு ஒரு மாசம் கழிச்சு பாண்டிமீனா வந்தா.

பாண்டிமீனா யாருன்னு சொல்லணும்ல. என்கிட்டப் படிச்ச பிள்ளை. ஓடைக்கரைத் தெரு. ஆறாவதுல சேரும்போது தீக்குச்சி மாதிரி இருந்தா. ஒருநாள் பெல் அடிச்ச பிறகு வீட்டுக்கு ஓடுறதைப் பாத்தேன். செருப்பு கையில, பை முதுகுல. அந்த ஓட்டத்தைப் பாத்து அன்னைக்கே மைதானத்துக்கு இழுத்துட்டு வந்துட்டேன். ஆறு வருஷம் ஓட வச்சேன். எண்ணூறு மீட்டர் ரெண்டு நிமிஷம் பத்தொன்பது செகண்ட். மாநிலப் போட்டியில மூணாவது. மழை பெஞ்சாலும் வருவா, காய்ச்சலா இருந்தாலும் வருவா. ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்டதில்ல. இன்னும் ரெண்டு ரவுண்டுன்னா ரெண்டு ரவுண்டு. போதும்னாத்தான் நிப்பா. அப்புறம் வழக்கம் போலத்தான், பதினெட்டுல கல்யாணம். புருஷன் வேல்ச்சாமி, பெயிண்டர். நல்ல பையன். ஒரு கட்டடத்துல சாரம் சரிஞ்சு விழுந்து இடுப்பு போச்சு. நாலு வருஷமாப் படுக்கை. ஒரு சின்னப் பொண்ணு வேற. இவ வீட்டுல தையல் மெஷின் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தா.

அன்னைக்கு அவ கூட ரெண்டு பொம்பளைக வந்தாங்க. அவங்க வாசல்லயே நின்னுட்டாங்க. இவ மட்டும் உள்ள வந்தா. உக்காருன்னேன், உக்காரல.

"சார், அந்தக் கேஸை வாபஸ் வாங்கிருங்க சார்."

"ஏம்மா, உனக்கு யார் சொல்லிக் கொடுத்து அனுப்புனா?"

"யாரும் சொல்லல சார். கண்மாய் நிறைஞ்சு கலுங்குல தண்ணி விழுந்தா எங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. அவரை வேற தூக்கணும். இந்த வருஷம் மழை ரொம்ப இருக்கும்கிறாங்க."

"அவங்க எல்லா வருஷமும்தான் சொல்றாங்க. மூடி பதினாலு வருஷம் ஆச்சு, முழங்காலுக்கு மேல தண்ணி வந்திருக்கா?"

"போன வருஷம் இடுப்பு வரைக்கும் வந்துச்சு சார்."

எனக்கு அது தெரியாது. அதுவரைக்கும் யாரும் என்கிட்டச் சொல்லலையே. சரி, நான் பேசிக்கிறேன், நீ போன்னு அனுப்பிட்டேன். சும்மா அனுப்பல தம்பி. மறுநாளே போன் போட்டுக் குழாய் வாயைச் சுத்தம் பண்ணச் சொன்னேன். ரெண்டு டிராக்டர் வண்டல் அள்ளுனாங்க. நான் பக்கத்துலயே நின்னு அள்ள வச்சேன். அதை இன்னைக்கு யாரும் பேசுறதில்ல.

ஐப்பசியில மழை வந்துச்சு.

வெள்ளிக்கிழமை. காலைல இருந்து விடல. பள்ளிக்கூடம் லீவு விட்டுட்டாங்க. பன்னெண்டு மணிக்கெல்லாம் கண்மாய் நிறைஞ்சு கலுங்கு போக ஆரம்பிச்சிருச்சு. குழாய் வாயில மெத்தை ஒண்ணு வந்து அடைச்சிக்கிச்சுன்னு பிறகு சொன்னாங்க. எவனோ கண்மாய்ல வீசுன மெத்தை. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? தண்ணி திரும்பி ஓடைக்கரைத் தெருவுக்குள்ள ஏறிருச்சு. நாங்க சும்மா இருக்கல. சங்கக் கட்டடத்துல அடுப்பைப் போட்டு இருநூறு பொட்டலம் எலுமிச்சம்பழச் சாதம் கட்டுனோம். நானே பெரிய கரண்டி பிடிச்சுக் கிண்டுனேன். அந்தப் போட்டோவும் பேப்பர்ல வந்துச்சு, இந்தத் தடவை பேரு சரியாப் போட்டான்.

இதுல அந்தப் பூங்கா கேட் விஷயம் ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன். நாளைக்கு வேற யாராவது வேற மாதிரி சொல்லுவாங்க.

பூங்கா காலைல அஞ்சுல இருந்து பத்து, சாயங்காலம் நாலுல இருந்து எட்டு. பத்துக்குப் பூட்டுனா நாலுக்குத்தான் திறக்கிறது. அது நான் போட்ட சட்டம். ஏன்னா பகல்ல வெளியாளுக வந்து சீட்டாடுறது, பெஞ்சுல படுத்துத் தூங்குறதுன்னு ஆகிப்போச்சு. ஓடைக்கரைத் தெரு ஆளுகதான், பொய் சொல்ல வேண்டாம். அவங்க வீடு தகரக் கூரை, சித்திரை வெயில்ல உள்ள இருக்க முடியாதுன்னு மரத்தடிக்கு வந்துருவாங்க. எங்காளுகளுக்குப் பிடிக்கல. அதனால சுத்திவர ஏழடிக்குக் கம்பி வேலி, ஒரு கேட்டு, ஒரு பூட்டு. சாவி என்கிட்ட.

தண்ணி ஏறுனதும் அந்தத் தெருச் சனம் எங்கிட்டுப் போகும்? பக்கத்துல இருக்கிற மேடு பூங்காதான். எல்லாரும் கேட்டுக்கு வந்துட்டாங்க. கேட்டுக்கு முன்னாடி பள்ளம், மார்பளவு தண்ணி. சின்னப் பிள்ளைகளை வேலிக்கு மேல தூக்கி உள்ள இறக்கிட்டாங்க. பெரியவங்க சிலர் ஏறிட்டாங்க. பாண்டிமீனா வேல்ச்சாமியை முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்திருக்கா. சேலையால கட்டி. அவனை வச்சுக்கிட்டு எப்படி வேலி ஏறுவா? நின்னிருக்கா.

எனக்கு யாரும் சொல்லல. நான் அடுப்படியில இருந்தேன். போன் மேசை மேல கிடந்திருக்கு, சத்தத்துல கேக்கல. தெரிஞ்ச உடனே ஓடினேன். தெரிஞ்ச உடனே. அரைமணி நேரம் இருக்கும் அவங்க நின்னது.

திறந்தேன். எல்லாரும் உள்ள வந்தாங்க. அவளும் வந்தா. அவனை எட்டு நடைத் தளத்துல படுக்க வச்சா. அவன் என்னைப் பாத்து, "வணக்கம் சார்"னான். நடுங்கிக்கிட்டே. நான் சாதப் பொட்டலம் எடுத்துட்டு வர ஆளனுப்புனேன்.

பத்தொன்பது நாள் கழிச்சு அவன் இறந்துட்டான். தண்ணியில சாகல. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். காய்ச்சல்ல செத்தான். எலிக்காய்ச்சல்னு எழுதியே கொடுத்திருக்காங்க. படுத்தே கிடந்தவனுக்கு முதுகெல்லாம் புண்ணு இருந்திருக்கு. சாக்கடைத் தண்ணி புண்ணுல பட்டா அந்தக் கிருமி ஏறிக்கிடுமாம். அது வீட்டுக்குள்ளயே பட்டிருக்கலாம், கேட்டுக்கிட்டயும் பட்டிருக்கலாம். நாப்பது நிமிஷத்துல ஏறிருச்சுன்னு யாரால சொல்ல முடியும்? நான் டாக்டரையே கேட்டேன். அவர், "அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது சார்"ன்னுட்டார்.

துக்கத்துக்கு நானும் தனலெட்சுமியும் போனோம். மாலை வாங்கிட்டுப் போனோம். பாண்டிமீனா என் சம்சாரத்துக் கையைப் பிடிச்சிக்கிட்டு ஏதோ சொன்னா. நான் வெளியில ஆம்பளைகளோட உக்காந்திருந்தேன், கேக்கல. என்ன சொன்னான்னு வர்ற வழியில கேட்டேன். "ஒண்ணுமில்ல"ன்னா. மறுநாள் காலைல பூங்காவுக்குக் கிளம்புன்னேன், முட்டி வலிக்குதுன்னா. அதுல இருந்து அவ பூங்காவுக்கு வரல. பத்து மாசம் ஆச்சு. முட்டி டாக்டர்கிட்டக் காட்டுவோம்னா அதுக்கும் வர மாட்டேங்குறா. வீட்டுக்குள்ளயே சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நடக்கிறா. வயசாச்சுல்ல, முட்டி தேயத்தான் செய்யும்.

தை மாசம் ஓடைக்கரைத் தெருவுல பன்னெண்டு வீட்டுக்காரங்களுக்கு இந்த நத்தமேட்டுல அடுக்குமாடி வீடு கொடுத்தாங்க. ஊர்ல இருந்து இருபது கிலோமீட்டர். பாண்டிமீனாவுக்கும் கிடைச்சது. நான் சந்தோஷப்பட்டேன். நல்லது நடந்துச்சு பாருங்கன்னு சங்கத்துலயும் சொன்னேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாளைக்குக் கேஸ் வருது. தடையை நீக்கச் சொல்லி நகராட்சிக்காரங்க மனுப் போட்டிருக்காங்க. அடுத்த மழைக்கு முன்னாடி அந்தக் குழாயையாவது எடுத்துரணுமாம். எங்க வக்கீல் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னாரு: "சார், ஒரு சாவு நடந்திருக்கு. அதைத்தான் எடுத்து வைப்பாங்க. அந்தத் தெருவுல இருந்தே யாராவது, வெள்ளத்துக்குக் காரணம் உங்க பூங்கா இல்லைன்னு எழுதிக் கொடுத்தா நிக்கும். இல்லாட்டிக் கஷ்டம்." யாரு கொடுப்பான்னு சங்கத்துல யோசிச்சாங்க. நான்தான் சொன்னேன், என் பிள்ளை பாண்டிமீனா கொடுப்பான்னு. வாயில இருந்து வந்துருச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. சரி, நானே போறேன்னேன்.

அதுக்குத்தான் இன்னைக்கு நத்தமேட்டுக்கு வந்தேன்.

எட்டாவது பிளாக்கு, அஞ்சாவது மாடி. லிப்ட் ஓடல. ஏறிட்டேன், எனக்கு அறுபத்தெட்டு வயசு, ஆனா ஏறிட்டேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. அவ தைச்சிக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா, கிளாஸ்ல நிக்கிற மாதிரி. வாங்க சார்னு நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. ஃபேனை என் பக்கமாத் திருப்பி வச்சா. டீ போட்டா. ரெண்டு தடவை போட்டா. முதல் டீ முடியுற வரைக்கும் நான் எதுவுமே சொல்லல, அதனால ரெண்டாவது.

வீடு அனலாக் கொதிக்குது தம்பி. மொட்டை மாடிக்கு நேர் கீழ. சுவத்துல கையை வச்சா சுடுது. கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு மரம் இல்ல. எப்படிம்மா இருக்கேன்னேன்.

"இருக்கேன் சார். தையலுக்குத்தான் ஆள் வர்றதில்ல. அங்க இருந்தா தெரிஞ்ச வீடுக இருந்துச்சு. பாப்பா பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். மத்தபடி தண்ணி பயம் இல்ல."

அப்புறம் அந்தத் தாளை எடுத்தேன். வக்கீல் டைப் அடிச்சுக் கொடுத்தது, ஒரு பக்கம்தான். இன்ன மாதிரிம்மா, நாளைக்குக் கேஸு, உன் கையெழுத்து வேணும்னேன்.

"படிச்சுக் காட்டுங்க சார்"னா.

அவளுக்குப் படிக்கத் தெரியும். பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. ஆனாலும் படிக்கச் சொன்னா. படிச்சேன். மேற்படி தெருவில் வசித்து வந்த நான், அப்படின்னு ஆரம்பிச்சு. வெள்ளத்துக்குக் காரணம் கண்மாய் நிரம்பியதே அன்றி பூங்கா அல்ல. என் கணவர் நோய்வாய்ப்பட்டு இறந்தார். சங்கச் செயலாளர்... அந்த இடத்துல நிறுத்திட்டேன். கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். எழுத்து சின்னது, மங்கலாத் தெரியுது. அதுவரைக்கும் எப்படியோ படிச்சிட்டேன், அதுக்கு மேல படிக்க முடியல.

அவ தாளை வாங்கிக்கிட்டா. விரலை வச்சு வரி வரியாப் போனா. "சங்கச் செயலாளர் உடனடியாகப் பூங்காவைத் திறந்துவிட்டு எங்களைக் காப்பாற்றினார்." அதான் அந்த வரி. நான் எழுதச் சொல்லல தம்பி, வக்கீலாச் சேத்தது. 'உடனடியாக'ங்கிற இடத்துல அவ விரல் நின்னுச்சு. எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னா... நான் எண்ணுனேன். பழக்கம், எதையும் எண்ணிருவேன். பன்னெண்டு எண்ணுனேன்.

அவ தலையைத் தூக்கவே இல்ல. "பேனா இருக்கா சார்?"னா.

பாண்டிமீனா, நல்லாப் படிச்சுப் பாத்துப் போடும்மான்னேன். படிச்சிட்டேன் சார்னா. போட்டா. தேதியும் போட்டா. தாளை மடிச்சு என் கையில கொடுத்துட்டுச் சொன்னா: "நான் இங்க வந்துட்டேன் சார். நான் போடலாம். அங்க இன்னும் இருபத்தெட்டு வீடு இருக்கு."

அவ்வளவுதான். திட்டல, அழுகல. திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். என்கிட்டப் பதில் இருந்துச்சு. பஸ்ல போகும்போது பூராம் அதைத்தான் தயார் பண்ணிட்டுப் போனேன். வண்டல் அள்ளுனது, சாதம் போட்டது, மெத்தை வந்து அடைச்சது. எல்லாம் அப்படியே உள்ள இருக்கு. ஒண்ணையும் கேக்கல அவ.

நான்தான் கேட்டேன். படி இறங்கும்போது. "அன்னைக்கு எவ்வளவு நேரம்மா நின்ன?"

"விடுங்க சார்."

"சொல்லும்மா. எனக்குச் சரியாத் தெரியல."

"உங்களுக்குத் தெரியும் சார்"னா.

தெரியும். முப்பத்தோரு வருஷம் கையில ஸ்டாப் வாட்ச் வச்சிருந்தவனுக்குத் தெரியாமப் போகுமா? அன்னைக்குச் சாயங்காலமே போனை எடுத்துப் பாத்தேன். முதல் போன் மணி ஒண்ணு அம்பத்து நாலு. ஓடைக்கரைத் தெரு மளிகைக்கடைக்காரர் பண்ணியிருக்காரு. நான் கேட்டைத் திறந்தப்ப மூணு பத்து. ஒரு மணி பதினாறு நிமிஷம். நடுவுல ஒன்பது போன். அதுல ஒண்ணு நான் எடுத்திருக்கேன். ரெண்டு பதினெட்டுக்கு. எடுத்துப் பேசியிருக்கேன், ஒன்றரை நிமிஷம். என்ன பேசுனேன்னு நினைவில்ல. நாலு மணிக்குத்தான் திறக்கிறதுன்னு சொல்லியிருக்க மாட்டேன். அப்படிச் சொல்ற ஆளா நான்? தண்ணி எங்க வரைக்கும் இருக்குன்னு அவர் சரியாச் சொல்லியிருக்க மாட்டாரு. ஏதோ கூட்டம் உள்ள வரணும்கிறாங்கன்னுதான் சொல்லியிருப்பாரு.

நினைவில்ல தம்பி.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவ கூடவே வந்தா. வேண்டாம்மான்னாலும் வந்தா. ரெண்டு பிளாக்குக்கு நடுவுல சிமெண்டுத் தரையில பொம்பளைப் பிள்ளைக ஏழெட்டு ஓடிப் பிடிச்சு விளையாடிக்கிட்டிருந்துச்சுக. கால்ல செருப்பு இல்ல. அதுல உயரமா ஒண்ணு, முடியை ஒட்ட வெட்டுனது, நல்ல எட்டு வச்சு ஓடுது. குதிகாலே தரையில படல. என்னை அறியாம நின்னுட்டேன். பாண்டிமீனா பாத்துட்டா.

"ஞாயித்துக்கிழமை மட்டுமாவது வருவீங்களா சார்? இதுகளுக்குச் சொல்லிக் கொடுக்க இங்க ஆளே இல்ல. சும்மா கத்திக்கிட்டுத் திரியுதுக. பின்னாடி ஒரு பொட்டல் கிடக்கு, நாங்களே முள்ளை வெட்டிருவோம்."

பாப்போம்மான்னேன். பஸ் வந்துருச்சு, ஏறிட்டேன். அவ கையெடுத்துக் கும்பிட்டா. கையெழுத்தை வாங்கிட்டுப் போறவனைப் பாத்து எதுக்கும்மா கும்பிடுறே? சொல்லல, மனசுக்குள்ள நினைச்சேன்.

இருங்க, போன் வருது. வக்கீல்தான்.

வணக்கம் சார். ஆமா, பஸ்ல இருக்கேன். பாத்தேன். ம். இல்ல சார். போடல. போட மாட்டேன்னுட்டா. ஆமா, நான்தான் சொன்னேன், போடுவான்னு. போடலையே. பேசிப் பாத்தேன் சார், ஒரு மணி நேரம் பேசுனேன். பிடிவாதக்காரி. சின்னதுல இருந்தே அப்படித்தான், சொன்ன பேச்சைக் கேக்க மாட்டா. வேற யாரும் போட மாட்டாங்க சார், அலைய வேண்டாம். நீக்குனா நீக்கட்டும், என்ன செய்ய? சங்கத்துல நான் சொல்லிக்கிறேன். சரி சார். வச்சிடறேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க?

ஆமா, இருக்கு. இந்தா, சட்டைப் பையிலதான் இருக்கு. கிழிக்கல. கிழிக்கணுமா வேண்டாமான்னு தெரியல. எனக்கு ஒண்ணும் மனசு மாறலை. அந்த முப்பத்தொரு மரம் ஒவ்வொண்ணும் நான் தண்ணி ஊத்துனது. அதை வெட்டும்போது நான் ஊர்ல இருக்க மாட்டேன், எங்கயாவது போயிருவேன். தனலெட்சுமி கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், அந்தப் பிள்ளை போடலைன்னு. என்ன, அவ பேரைக் கெடுத்துட்டேன். வக்கீலுக்கு அவளைத் தெரியாது. தெரியாதவங்ககிட்ட ஒரு பேரு கெட்டா என்ன ஆகிரும்? ஒண்ணும் ஆகாது.

நீங்க டவுன்லதான இறங்கணும்? வேலைக்கா? அப்ப வீடு?

நத்தமேடா. அடடா. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்துட்டேன், இதைக் கேக்கவே இல்ல பாருங்க. எத்தனையாவது பிளாக்கு? ஏழு. அப்ப அவளுக்கு அடுத்த பிளாக்கு. தெரியுமா அவளை? தையக்காரம்மான்னுதான் தெரியுமா, சரி.

பழைய வீடு எங்க உங்களுக்கு?

சரி சரி. நீங்க சொல்ல வேண்டாம். முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி.

அன்னைக்கு நீங்களும் இருந்தீங்களா, பூங்கா கேட்டுக்கிட்ட?

...

தண்ணி பாட்டில் இருந்தா ஒரு மடக்குக் கொடுங்க. இன்னைக்கு வெக்கை சாஸ்தி.

என் ஸ்டாப் வந்துருச்சு, நான் இறங்கணும். வக்கீல்கிட்ட நான் சொன்னதை அவகிட்டச் சொல்லிடாதீங்க. சொன்னாலும் சொல்லுங்க, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு மட்டும் மறக்காமச் சொல்லிருங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குப் பிள்ளைகளை அந்தப் பொட்டலுக்கு வரச் சொல்லுங்க. முடி வெட்டுன பிள்ளை கண்டிப்பா வரணும். ஆறுன்னா ஆறு. நான் வந்துருவேன்.